வற்றல் வெயில்: வாசகர் கேள்வி-பதில்

பங்குனி பிறந்ததும் வரத் தொடங்கும் கடிதங்கள் இந்த ஆண்டும் வந்து சேர்ந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், ஒருவருக்குச் சொல்லும் பதிலை மற்றவர்களும் தமக்கானதாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எந்தக் காய், எவ்வளவு கனத்தில் நறுக்கியது, எதன்மேல் பரப்பியது என்ற மூன்று விவரங்களும் இல்லாத கடிதங்களுக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

கேள்வி: கொத்தவரங்காய் வற்றல் வறுத்தால் நார் நாராக வருகிறது, நிறமும் மங்கிவிட்டது. (மயிலாடுதுறை வாசகி)

முற்றிய காயைப் போட்டிருக்கிறீர்கள். கொதிநீரிலும் போட்டு எடுக்கவில்லை. பிஞ்சாகப் பார்த்து வாங்கி, காம்பும் நாரும் நீக்கி, உப்பிட்ட கொதிநீரில் ஏறத்தாழ மூன்று நிமிடம் வைத்து, நீரை முற்றிலும் வடித்த பிறகே வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். காயில் உள்ள நொதிகள் பறித்த பிறகும் வேலை செய்துகொண்டே இருப்பதால்தான் நிறமும் மணமும் கெடுகின்றன. கொதிநீர் அவற்றை அடக்கிவிடும். நறுக்கியதும் கறுக்கும் கத்தரிக்காயை மஞ்சளும் உப்பும் கலந்த புளித்தண்ணீரிலேயே நேராக நறுக்கிப் போட்டு, அந்த நீரிலேயே அரைவேக்காடாக எடுப்பது நம் வீடுகளின் பழைய முறை. அதை மாற்றக் காரணம் எதுவும் இல்லை.

கேள்வி: வற்றல் எத்தனை நாள் காய வேண்டும்? (திருவாரூர் வாசகர்)

என்ன வற்றல்? சித்திரையிலா, ஆவணியிலா? முழுக்காயா, நறுக்கியதா? அஞ்சலட்டையில் ஒரே வரியாக இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல இயலாது. நாள் கணக்கை விட்டுவிட்டு எடைக்கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பரப்புவதற்கு முன் ஒரு முறையும், காய்ந்துவிட்டது என்று தோன்றும்போது ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ வெண்டைக்காய் ஏறத்தாழ நூறு கிராமுக்கும், கொத்தவரங்காய் இருநூறு கிராமுக்கும், தக்காளி எழுபது கிராமுக்கும் இறங்க வேண்டும். இவை உப்புச் சேர்க்காத காய்க்கான கணக்கு. அதற்கு மேல் எடை நின்றால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 விழுக்காடு ஈரம் வரை ஏற்பார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காய்க்கு அந்தக் கணக்கு உதவாது. ஏழெட்டு விழுக்காட்டுக்கு வந்தால்தான் அடுத்த பங்குனி வரை தாங்கும். தராசு இல்லையென்றால், நன்றாக ஆறிய துண்டு ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: ஒடிந்தால் சரி, வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும். சூடாக இருக்கும்போது ஒடித்துப் பார்ப்பது பயனற்றது.

கேள்வி: நெல் காயப்போடும் படுதாவை மாடியில் விரித்து, மாவற்றலுக்கு நறுக்கிய மாங்காயைப் பரப்பினோம். அடிப்பக்கம் கறுத்துக் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டது. வெயில் போதவில்லையா? (பட்டுக்கோட்டை வாசகி)

அக்கினி நட்சத்திரத்தில் பரப்பிவிட்டு வெயில் போதவில்லை என்கிறீர்கள். குற்றம் முழுவதும் படுதாவினுடையது. ஆண்டுதோறும் இதையே எழுதுகிறேன். ஆண்டுதோறும் இதே கடிதம் வருகிறது.

காயை உலர்த்துவது வெயில் மட்டும் அன்று. வெயில் காயிலுள்ள நீரை ஆவியாக்குகிறது. அந்த ஆவியை அள்ளிக்கொண்டு போவது காற்று. படுதாவின் மேல் கிடக்கும் துண்டுக்கு மேற்பக்கம் மட்டுமே காற்றுப் படுகிறது. அடிப்பக்கத்திலிருந்து கசியும் சாறு போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி, சூடேறி, புளித்துப்போகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து நிற்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகும்; வெயில் கூடக் கூட மேற்பக்கம் சீக்கிரமாக இறுகி, உள்ளிருக்கும் நீர் வெளியேறும் வழியும் அடைபடுகிறது. மேலே கல்போலவும் கீழே களிபோலவும் ஆனது இதனால்தான். போதாக்குறைக்கு அந்தப் படுதா வயல் மண்ணையும், உர மூட்டையையும், சில வீடுகளில் மருந்தடிக்கும் பம்பையும் சுமந்து வந்தது. மாங்காயின் புளிப்புச் சாறு அதன்மேல் நாள் முழுதும் ஊறுவதை எந்த வீட்டில் ஏற்றுக்கொள்வார்கள்?

இந்தப் பழக்கம் வடகத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம். கூழ் வடகத்தைப் பிளாஸ்டிக் தாளில் இட்டால் எளிதாக உரிந்து வரும். மெல்லிய கூழாகையால் மேலிருந்தே காய்ந்துவிடும். மறுநாள் உரித்துத் திருப்பிப் போட்டும் விடுகிறோம். அரை அங்குலக் கனமுள்ள மாங்காய்த் துண்டுக்கு அந்த வசதி ஒன்றும் இல்லை. வடகத்துக்குச் சரியாக இருந்தது வற்றலுக்கும் சரி என்று எடுத்துக்கொண்டதில்தான் தவறு நேர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. கயிற்றுக் கட்டிலின் மேல் துவைத்த வெள்ளை வேட்டியை விரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாதபடி ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கட்டில் இல்லாத வீடுகளில், மரச்சட்டத்தில் நைலான் வலை அடித்து நான்கு செங்கல்லின் மேல் தூக்கி வைத்தாலும் போதும். அடியில் காற்று ஓட வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. ஈக்கும் தூசிக்கும் மேலே மெல்லிய துணியோ கொசுவலையோ கட்டுங்கள். நண்பகலில் ஒரு முறை திருப்பிவிட்டு, பொழுது சாயும் முன்பே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். பனியில் நனைந்த துண்டு காலையில் காய்ந்தாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாது. இரவில் குவித்து மூடி வைக்காதீர்கள். உள்ளேயும் பரப்பியே வையுங்கள். தார்ச்சாலையில் காயவைப்போரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்கள் என்னிடம் கேள்வியும் கேட்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் வற்றல் நமுத்துப் போகிறது. (நாகப்பட்டினம் வாசகர்)

கடற்காற்று வீசத் தொடங்கியதும் ஈரமும் கூடவே வருகிறது. காலை ஏழு மணிக்கே பரப்பி, காற்றுத் திரும்பியதும் உள்ளே எடுத்துவிடுங்கள். உங்கள் ஊரில் உப்பிட்ட வற்றலுக்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும். வேதாரண்யத்துக் கல்லுப்பைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் கசிந்து பிசுபிசுக்கும் கழுவாத உப்பு வேண்டாம். அதில் மிகுந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு ஈரத்தை இன்னும் விரைவாக வாங்கும்.

கேள்வி: சுண்டைக்காயை நசுக்க வேண்டுமா? (சீர்காழி வாசகி)

ஆம். நசுக்கவோ கீறவோ செய்யாமல் மோரில் ஊறப்போட்டால் உப்பும் இறங்காது, ஈரமும் வெளியேறாது.

கேள்வி: தார் ஒன்று முழுவதும் ஒரே நாளில் பழுத்துவிடுகிறது. பூவன் பழத்தை உலர்த்தி வைக்கலாமா? (திருவையாறு வாசகர்)

வைக்கலாம். தோலில் பச்சை சிறிதும் இல்லாமல் பழுத்து, ஆனால் குழையாத நிலையில் உரித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் சில நிமிடம் போட்டு எடுத்துப் பரப்புங்கள். பழத்தில் சர்க்கரை மிகுதி என்பதால் ஒடியும் அளவுக்குக் காயவைக்க வேண்டியதில்லை. தோல்போல வளைந்து, பிழிந்தால் சாறு வராத பதம் போதும். அது ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு ஈரம். உரித்த பழம் ஒரு கிலோ போட்டால் முந்நூற்றைம்பது கிராம் அளவுக்கு நிற்கும்.

உலர்ந்ததும் நேராக டப்பாவில் அடைக்காதீர்கள். ஆறவைத்து, கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கிப் பாருங்கள். கூடக் காய்ந்த துண்டும் குறையக் காய்ந்த துண்டும் ஈரத்தைப் பகிர்ந்துகொண்டு சமநிலைக்கு வரும். கண்ணாடியின் உட்புறம் ஒரு துளி நீர் கோத்தாலும் எல்லாவற்றையும் மீண்டும் வெயிலில் போடுங்கள். தொழிலாகச் செய்ய எண்ணினால் திருச்சிராப்பள்ளியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகுங்கள்; வாழையின் மதிப்புக்கூட்டுப் பொருள்கள் அவர்களுக்குக் கைவந்த துறை. விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மோர்மிளகாயில் லேசாகப் பூசணம். துடைத்துவிட்டு வெயிலில் போட்டு வறுத்தால் கெடுதல் இல்லையே? (கும்பகோணம் வாசகி)

கெடுதல் உண்டு. கொட்டிவிடுங்கள். சிலவகைப் பூசணம் விடும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு எண்ணெயில் வறுப்பதாலும் முற்றிலும் அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் பூசணத்தைத் துடைப்பதால் உள்ளே ஊறியது போய்விடுவதும் இல்லை. அடுத்த முறை பகலில் மிளகாயோடு மோரையும் வெயிலில் வையுங்கள், உப்பைக் குறைக்காதீர்கள், இறுதியாக அடைக்கும் முன் ஆறவிடுங்கள்.

கேள்வி: முருங்கைக் கீரைப் பொடி பழுப்பாகிறது. (மன்னார்குடி வாசகர்)

வெயிலில் போட்டிருப்பீர்கள். கீரைக்கு நிழலும் காற்றும் மட்டுமே வேண்டும். நேர்வெயில் பச்சை நிறத்தோடு பீட்டா கரோட்டினையும் சேர்த்து அழிக்கிறது. கழுவி, நீர் வடித்து, மின்விசிறியின் கீழ் துணியில் பரப்புங்கள். கையில் நொறுங்கியதும் பொடியுங்கள். கறிவேப்பிலைக்கும் இதுவே.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் பயன்படுத்த மின் உலர்த்தி வாங்கலாமா? மைக்ரோவேவ் போதாதா? (தஞ்சாவூர் வாசகி)

மைக்ரோவேவ் வேகவைக்கும், சில இடங்களைக் கருக்கும், சீராக உலர்த்தாது. மின் உலர்த்தி வாங்கலாம். ஆனால் விசிறியும், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இல்லாததை வாங்காதீர்கள். காய்க்கும் பழத்துக்கும் 55 முதல் 60 டிகிரி, கீரைக்கு 40 டிகிரியை ஒட்டி வைத்தால் போதும். சீக்கிரம் முடியட்டும் என்று எண்பதில் வைப்பவர்களுக்கு, படுதாவில் பரப்பியவர்களுக்கு நேர்ந்த அதே மேல்இறுகல் நேரும். அடைமழை நாளில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இயக்கினால் வெளியேறும் ஈரத்தையே இயந்திரம் மறுபடி உள்ளிழுக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: நன்றாகக் காய்ந்த வற்றலில் ஆறு மாதத்தில் வண்டு விழுகிறது. (பாபநாசம் வாசகி)

வெளியில் காய்ந்தபோதே பூச்சி முட்டையிட்டிருக்கிறது. வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளிருக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்யா. ஆறிய வற்றலைக் காற்றுப் புகாத பையிலிட்டு உறைபெட்டியில் மூன்று நான்கு நாள் வையுங்கள். உறைபெட்டி இல்லையென்றால் 70 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த பையை உடனே பிரித்தால் குளிர்ந்த வற்றலின் மேல் நீர் கோக்கும். அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே பிரித்து, சிறு சிறு டப்பாக்களில் அடையுங்கள். பெரிய டப்பாவாக ஒன்றே வைத்தால் நாள்தோறும் திறக்க நேரும்; கார்த்திகை மாதத்தில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரம் உள்ளே போகும்.