நீறு பூத்த நெருப்பில் சுடுவது

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பிள்ளைகளுக்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கரியடுப்பு மூட்டி முழுக் கோழிக்கால்களைச் சுட்டேன். தயிர், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் சர்க்கரை போட்டு இரவெல்லாம் ஊற வைத்திருந்தேன். கரி தகதகவென்று எரியும்போதே கம்பி வலையை வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மேலே கரிந்துவிட்டது. பிய்த்துப் பார்த்தால் எலும்போரம் சிவப்பாக, பச்சையாக இருந்தது. கரி சரியில்லை என்கிறார் மாமா. மசாலா சரியில்லை என்கிறார் அம்மா. தவறு எதில்?

அன்புள்ள நண்பருக்கு,

நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் சீமைக் கருவேலக் கரி சுடுவதற்கு நல்ல கரிதான். மசாலாவில் சர்க்கரை ஒன்றைத் தவிர வேறு குறை சொல்ல மாட்டேன். அடுப்பு முழுவதும் ஒரே சூடாக இருந்ததும், தணல் ஆகும்வரை நீங்கள் காத்திருக்காததும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சுடுவது என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. சிவந்த கரியின் வெப்பம் 600 டிகிரி செல்சியசுக்கும் மேல் இருக்கும். அது கதிர்வீச்சாகப் பாய்ந்து இறைச்சியின் மேற்பரப்பை நொடிகளில் தாக்குகிறது. உள்ளே போகும் வெப்பமோ ஈரமான தசை வழியாக மெல்ல மெல்லத்தான் ஊர்ந்து செல்ல முடியும். துண்டின் கனம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி வேகும் நேரம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அடுப்பை எவ்வளவு முடுக்கினாலும் வெளிப்புறம்தான் விரைவாகக் கருகுமே தவிர, எலும்போரம் அதே விரைவில் வேகாது.

மேலே தோன்றும் பொன்னிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான வேதிவினையை 1912-இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர் மையார் விளக்கினார். புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் சேர்ந்து நடத்தும் இந்த வினை சுமார் 140 டிகிரியில் வேகம் பிடிக்கிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, ஏனென்றால் வரும் சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஆகவே வலையில் வைக்குமுன் ஒட்டியிருக்கும் தயிரை வழித்துவிடுங்கள். சேர்த்த சர்க்கரை சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையே அதிக நேரம் தராது. அதைக் கடைசி இரண்டு நிமிடத்தில் தடவினால் போதும். இரவெல்லாம் ஊறியதில் உள்ளே இறங்கியது பெரும்பாலும் உப்புதான், அது தசை தன் நீரை இழக்காமல் பிடித்து வைக்க உதவுகிறது. மிளகாய்த்தூள் மேலோடு நின்றுவிடுகிறது.

ஆம்பூரில் மாலை வேளையில் சீக் கபாப் போடுபவரின் அடுப்பை ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். நீளமான, குறுகிய தகர அடுப்பு. கம்பிகளின் இரு முனைகளும் விளிம்புகளில் தங்கியிருக்க, இறைச்சி மட்டும் தணலுக்கு மேலே நிற்கிறது. கரி நீறு பூக்கும்வரை அவர் ஒரு கம்பியையும் வைப்பதில்லை. கொழுப்பு சொட்டிச் சுவாலை எழும்பினால் அந்தக் கம்பியை உடனே பக்கத்துக்கு நகர்த்துகிறார், தணல் மங்கினால் விசிறியால் நான்கு வீசு வீசுகிறார். அந்தச் சுவாலையில் சிக்கும் இறைச்சியில் படிவது சுவையல்ல, கசப்பான புகைக்கரியும் உடலுக்கு ஆகாத சேர்மங்களும். மேலும் அவருடைய இறைச்சி விரல் கனம்தான். உங்கள் கோழிக்காலோடு அதை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

எனவே தணலை அடுப்பின் ஒரு பாதியில் குவித்து மறு பாதியைக் காலியாக விடுங்கள். கால்களை எலும்பைத் தொடும் அளவுக்கு இரண்டு மூன்று இடங்களில் கீறி, முதலில் காலிப் பக்கத்தில் வைத்து ஒரு சட்டியால் மூடி வேக விட்டு, முடிவில் தணலின் மேல் கொண்டுவந்து சிவக்க வையுங்கள். நான் நெடுநாள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். முதலில் உலர்ந்து சூடேறிய மேற்பரப்பு பிறகு மிக விரைவாகவும் ஒரே சீராகவும் சிவக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது.

கத்தரிக்காய்க்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை என் அம்மா கங்குக்குள்ளேயே புதைப்பார். தோல் கருகிச் சுருங்க, உள்ளிருக்கும் நீரே ஆவியாகிச் சதையை வேக வைக்கும். காம்பருகே சீறும் ஒலி அடங்கினால் எடுத்துவிடுவார். கருகிய தோலை உரித்து எறிந்துவிடுவதால் அங்கே கருகல் குற்றமில்லை.

எலும்போரச் சிவப்பைக் கண்டு மட்டும் வேகவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி, நன்றாக வெந்த பிறகும் சிவப்பாகவே தெரியலாம். சமையல் வெப்பமானியின் முனையை எலும்பில் படாமல் தொடையின் கனமான இடத்தில் குத்திப் பாருங்கள். 74 டிகிரி காட்டினால் உண்ணலாம். காலில் இணைப்புத் திசு அதிகம் என்பதால், 80 டிகிரி வரை விட்டால் அது இளகி இன்னும் மிருதுவாகும்.

மழை வந்தால் தணலோடு அடுப்பை வீட்டுக்குள் தூக்கிச் செல்லாதீர்கள். கரி வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. கோழியை நனைய விட்டாலும் பரவாயில்லை, அடுப்பு மாடியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்.