மும்பை வாடகை வீட்டில் மாதிரி ரயில் பாதை அமைக்க, முதலில் ரயிலை வாங்குவதா, சட்டகத்தைச் செய்வதா?

கேள்வி கேட்டவர் மும்பையில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறார்; ஒரு ரயில் செட்டை இப்போது வாங்கிவிட்டு, அதை வைக்கும் பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். "வாங்கித் தரையில் ஓட்டிப் பாருங்கள், மரவேலையெல்லாம் அப்புறம்" என்று ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கும் செட்டுக்கு அந்த யோசனை பொருந்தும். அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் கேட்பது ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய ஒரு லேஅவுட்டை, அதாவது நிலையான மாதிரி ரயில் அமைப்பைப் பற்றி. அதற்கு மரச்சட்டகம்தான் முதல் செலவு. எஞ்சின் கடைசிச் செலவு.

எந்த அளவு ரயிலை வாங்கலாம் என்பதையே சட்டகத்தின் அகலம்தான் தீர்மானிக்கிறது. எச்.ஓ. (HO) என்பது 1:87, அதாவது உண்மையான ரயிலில் 87இல் ஒரு பங்கு; அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதில் வழக்கமான சிறிய வளைவின் ஆரம் 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. ரயில் அப்படியே சுற்றித் திரும்பி வர வேண்டுமானால், ஓரங்களையும் சேர்த்து ஒரு மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். சுவரை ஒட்டி நிற்கும் பலகையில் கை வசதியாக எட்டுவது 75 செ.மீ. வரைதான், அதற்கு அப்பால் ஒரு பெட்டி தடம் புரண்டால், அதை எடுப்பதற்கு நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த மலையின் மேலேயே கவிழ்ந்து படுக்க வேண்டியிருக்கும். 'என்' (N) அளவு எனப்படுவது 1:160. இடைவெளி 9 மி.மீ.; காட்டோ நிறுவனத்தின் 282 மி.மீ. ஆர வளைவு 70 செ.மீ. அகலத்துக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் பெரிய செட்டை வாங்கியவர்களின் பெட்டிகள் லாஃப்டில் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நான் முலுண்டில் வாடகைக்கு இருக்கிறேன். உங்களுக்கும் பதினோரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் சுவரில் ஒரு துளைகூடப் போடாமல் தன் காலிலேயே நிற்கும் சட்டகமாகவும், வீடு மாறும்போது துண்டு துண்டாகக் கழற்றக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். என்னுடையது அறையின் இரு சுவர்களை ஒட்டி 'ட' வடிவில் நிற்கிறது. ரயில் திரும்பும் இரு முனைகளிலும் 75 செ.மீ. அகலம், நடுவில் 35 செ.மீ. மட்டுமே. எந்தத் துண்டும் 120 செ.மீ. நீளத்தைத் தாண்டாது, ஏனென்றால் எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் அதற்கு மேல் நுழையாது. அடுத்தடுத்த துண்டுகளின் முனைப்பலகைகளைச் சேர்த்து இறுக்கிப் பிடித்து ஒரே தடவையில் துளையிட வேண்டும். தனித்தனியாகத் துளையிட்டால் போல்ட் பூட்டும்போது தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும், 'என்' (N) அளவு ரயிலுக்கு அந்த அரை மில்லிமீட்டரே போதும், தடம் புரள. உயரம் 120 செ.மீ. வைத்தேன், கீழே என் மனைவியின் படிப்பு மேசை நுழைந்ததால்தான் இந்தத் திட்டத்துக்கு வீட்டில் அனுமதியே கிடைத்தது.

மேலே தட்டையான பலகையைப் போட்டு மூடிவிடாமல், வெறும் கட்டம் கட்டமான சட்டகமாகச் செய்ததற்குக் காரணம் மலைப்பாதை. கர்ஜத்தில், மலையேறத் தள்ளிவிடுவதற்காக வண்டிக்குப் பின்னால் எஞ்சின்கள் வந்து பூட்டிக்கொள்வதை மத்திய ரயில்வேயில் புனே போகிறவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். 1863இல் திறக்கப்பட்ட அந்த போர் காட் பாதையில் 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். எனக்கு அதைத்தான் வீட்டில் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. ஒரு பாதை இன்னொன்றின் மேலே தாண்டிச் செல்ல 'என்' (N) அளவில் ஏறக்குறைய 50 மி.மீ. உயர வேண்டும், உண்மையான மலைச்சரிவை அப்படியே எடுத்தால் அதற்கு 1.85 மீட்டர் ஓட்டம் போதும், ஆனால் மாதிரி எஞ்சினின் எடையும் நம் வீட்டு வளைவுகளின் நெருக்கமும் அதைத் தாங்காது என்பதால் 50க்கு 1 என்று வைத்து 2.5 மீட்டர் கொடுத்தேன். திறந்த சட்டகத்தில் குறுக்குப்பட்டிகளின் மேல் சிறு செங்குத்துக் கட்டைகளை நிறுத்தி, பாதைக்கான பிளைவுட்டை அவற்றின் மேல் ஏற்றலாம். கட்டையைப் பட்டியோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் திருத்தலாம். இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. சமதளமாக இருக்கும் பிளைவுட்டை ஜிக்சாவால் பாதையின் வடிவில் வெட்டி ஒரு முனையை மட்டும் மெல்லத் தூக்கும்போது, ஏற்றம் தொடங்கும் இடத்தில் அது தானாகவே இதமாக வளைந்துகொடுக்கிறது. தனித் துண்டாகச் சரிவுப்பலகை வைத்தால் அந்த இடத்தில் ஒரு முறிவு உண்டாகி, பெட்டிகளின் கொக்கிகள் கழன்றுகொள்ளும்.

இதைத் தச்சு மிஸ்திரிக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. சமையலறை அலமாரிகள் செய்வதில் பெயர் எடுத்தவர், உத்தரப் பிரதேசத்துக்காரர். அறையை அளந்துவிட்டு, 19 மி.மீ. பிளைவுட்டில் சன்மைக்கா ஒட்டி, கீழே இழுப்பறைகள் வைத்த ஒரு பெட்டிக்கட்டிலை வரைந்து காட்டினார். எட்டுக்கு நான்கு அடி கொண்ட அந்தத் தகடு ஒன்றே 35 கிலோவை ஒட்டி வரும். ஆனால் எடை கூடினால்தான் பலம் என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. நான் கேட்டதோ 12 மி.மீ. பிளைவுட்டை 75 மி.மீ. அகலப் பட்டிகளாக அறுத்து, 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குப்பட்டி வைத்த வெறும் கூடு. மலிவான பைன் கட்டைகள் மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். பிளைவுட் பட்டி நேராகவே நிற்கும் என்பது என் கணக்கு. பட்டிகளைச் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொன்றின் நடு உயரத்திலும் மின்கம்பி போவதற்குத் துளை வேண்டும், பாதை பிரியும் பாயிண்டுகளுக்கு நேர் கீழே எந்தப் பட்டியும் வரக் கூடாது, அங்கே பாயிண்டை நகர்த்தும் மோட்டார் வர வேண்டும் என்று நான் சொன்னபோது, "இத்தனை துளை போட்டு என் பெயரைக் கெடுக்கப் போகிறீர்களா, சேட்?" என்று இந்தியில் கேட்டார். முழு அளவில் செய்தித்தாளில் வரைந்த பாதையைத் தரையில் விரித்துக் காட்டிய பிறகுதான் அவர் முகம் மாறியது. அதன் பிறகு என்னைவிட அவர் ஆர்வம் அதிகமாகிவிட்டது. நான் ஸ்க்ரூவும் மூலைக்கட்டையும் போதும் என்றிருந்த இடங்களில், இரு பட்டிகளிலும் பாதி ஆழம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றை இறக்கி ஃபெவிகால் வைத்தார். ஒரு கோணம்கூட விலகாமல் அது இன்றும் நிற்கிறது.

திருச்சியிலிருந்து வந்த என் மாமனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஆசையாக வண்டியை எடுத்து வைக்கப் போனபோது, "மாப்பிள்ளை, வண்டி இருக்கட்டும், அந்த மூலையைப் பிடிங்க" என்று சொல்லி, மறுமூலையில் இடுப்பைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அகலவாக்கில் அசையவில்லை. நீளவாக்கில் லேசாக ஆடியது என்று அவர் சொன்னார். ஆடவில்லை என்பது என் கருத்து. ஆயினும் அவர் சொன்னபடி கால்களுக்கு இடையே குறுக்குச்சாய்வாக ஒரு கட்டையை அடித்தோம். காலின் அடியில் திருகி ஏற்றி இறக்கும் போல்ட் வைத்ததற்கு மட்டும் அவரிடம் பாராட்டுக் கிடைத்தது. மும்பை வீடுகளின் தரை குளியலறைப் பக்கம் சரிந்திருப்பது அவருக்கும் தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரத்தைப் பற்றி வெளிநாட்டு வழிகாட்டிகள் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். தண்டவாளம் வெப்பத்தில் நீளுவதைத்தான் பலர் குறை சொல்கிறார்கள். 3 மீட்டர் தண்டவாளம் 15 பாகை வெப்ப மாற்றத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. ஊறிப் பெருத்துச் சுருங்கி இழுப்பது மரம். ஆகவே பட்டிகளின் மேற்புறம், அடிப்புறம், அறுத்த விளிம்பு என ஓரிடம் விடாமல் இரண்டு கை வார்னிஷ் அடித்து, அதன் பிறகுதான் சேர்க்க வேண்டும். மேற்புறத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் ஈரம் அடிப்புறம் வழியாக ஏறிப் பலகை வளையும். தண்டவாள இணைப்புகளில் விசிட்டிங் கார்டின் தடிமனுக்கு இடைவெளி விடுங்கள். எல்லா இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடாதீர்கள். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை தகட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மரக்கடைக்காரர்கள் எதைக் கேட்டாலும் "மரைன்" என்கிறார்கள். பில்லில் அதை எழுதித் தரச் சொன்னால் மட்டும் பேச்சு மாறுகிறது.

"இப்போது எல்லோரும் ஃபோம் பலகையில்தான் செய்கிறார்கள், மரம் பழைய முறை" என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள். ஃபோம் இலேசானது, ஆறும் பள்ளமும் வெட்ட வசதியானது, நானும் மலைக்கு அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அதற்கும் கீழே ஒரு சட்டகம் வேண்டும். அடுத்து, நம் அகல ரயில் பாதை 1676 மி.மீ. ஆயிற்றே, அது 1:160இல் 10.5 மி.மீ. வர வேண்டுமே, 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுவது பொய்யல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. எச்.ஓ.விலும் 19.3க்குப் பதிலாக 16.5தான் கிடைக்கிறது. புனே கோத்ரூடில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு யாரும் இடைவெளியைப் பற்றிக் கவலைப்பட்டுத் திரும்பியதில்லை.

இதற்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: மேல்மாடிக்காரர் குளியலறை டைல்ஸை மாதக்கணக்கில் உடைத்தபோது வாய் திறக்காத குடியிருப்புச் சங்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிக்சாவுக்காக எனக்கு எழுத்துமூலம் கடிதம் அனுப்பியது. வாடகைக்கு இருப்பவன் என்றால் மரத்தூள்கூடக் குற்றம்தான். அறுக்க வேண்டியவற்றை மரக்கடையிலேயே அறுத்து வாங்கிவிடுங்கள்.

சட்டகம் நின்ற பிறகு தண்டவாளமும் கம்பியும். மும்பையின் மின்சாமான் சந்தையான லோஹார் சாலில் கிடைக்கும் 1.5 சதுர மி.மீ. வீட்டு மின்கம்பி இரண்டை நீளம் முழுக்க ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய கம்பியை அதில் சேருங்கள். தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டி.சி.சி. (DCC) கட்டுப்பாட்டுக் கருவியானால், அதிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இடத்தில் இரு தண்டவாளங்களின் மேலும் படும்படி ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் கம்பியையோ இணைப்பையோ சரிசெய்யும் வரை எஞ்சின் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். உங்கள் அறையின் நீள அகலம், கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, லிஃப்டின் உள்ளளவு ஆகிய மூன்றையும் இதன் கீழே எழுதினால், சட்டகத்தை எத்தனை துண்டாகப் பிரிக்கலாம் என்று வரைந்து தருகிறேன்.