வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுத்தால் நின்றுவிடும் என்பது உண்மையா?

இல்லைங்க. இரும்பு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். யாராவது சாவிக்கொத்தைத் தேடி எடுத்துவர அவ்வளவு நேரம் ஆகிறது. அதனால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ புதிதாக வந்திருக்கிறது, பெரியவர்கள் இரும்பை விடச் சம்மதிக்கவில்லை என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தம்பிக்குப் பத்தொன்பது வயதில் வந்தது. அப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கிற வேலை பார்த்தான். அம்மா அவன் அரைஞாண் கயிற்றில் இரும்பு வளையம் கோத்துக் கட்டினார். அது இடுப்பில் இருக்கும்போதே மூன்று தடவை வந்தது.

ஒரு மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். முந்தின நாள் அவசர ஆர்டர் என்று விடியவிடியப் பட்டறையில் இருந்தவன், ராத்திரி மாத்திரையையும் விட்டிருக்கிறான். தூக்கம் கெட்டு மாத்திரையும் தவறினால் வலிப்பு வர அதுவே போதும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி பஸ்ஸைவிட்டு இறங்கி, ஏரிப் பக்கம் நடக்கும்போது அப்படியே சாய்ந்தான்.

கூட்டம் கூடிவிட்டது. ஒரு கடைக்காரர் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர், “நாக்கு உள்ள போயிரும்” என்று சொல்லி எவர்சில்வர் ஸ்பூனைப் பல்லுக்கு நடுவில் செருகினார். முன்பல் பாதியாக உடைந்தது. சாவி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. சற்று நேரத்தில் அடங்கியதும், “பாத்தீங்களாக்கா, சாவி குடுத்ததும் நின்னுருச்சு” என்றார் கடைக்காரர். நல்ல மனுஷன், தண்ணீர் பாட்டிலுக்குக் காசுகூட வாங்கவில்லை. நான் மரம் மாதிரி நின்றேன். அந்த ஸ்பூனைத் தட்டிவிடாமல் நின்றது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

நாக்கை யாராலும் விழுங்க முடியாது. ஓரத்தில் கடிபடலாம், அந்தப் புண் ஆறிவிடும். உடைந்த பல் ஆறாது.

பிறகு டாக்டர் எங்களை ஒரு நோட்டு வைக்கச் சொன்னார். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, முந்தின இரவு தூங்கினானா என்று எழுதுவேன். பதினொரு தடவை எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட இரும்பு கொடுக்கவில்லை, எல்லாமே மூன்று நிமிடத்துக்குள் நின்றது. மூளையின் நரம்பு செல்கள் கட்டுக்கடங்காமல் ஒரே நேரத்தில் மின்துடிப்பை அனுப்புவதால் வருவது இது. கையில் இருக்கிற இரும்பு அங்கே எதுவும் செய்யாது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுற்றிலும் இடிக்கிற பொருளை அகற்றுங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வந்துவிடும். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். நன்றாக நினைவு திரும்பும்வரை தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு வராமலே மறுபடி வந்தாலோ, முதல் தடவையாக வந்தாலோ 108க்கு அடியுங்கள்.

நான் டாக்டர் இல்லை, பதினான்கு வருடமாகத் தம்பியோடு இருப்பவள். “எங்க தாத்தா காலத்திலிருந்து கொடுக்கிறோம், நின்றிருக்கிறது” என்று சிலர் எழுதுவீர்கள். நின்றிருக்கும், நான் மறுக்கவில்லை. கொடுக்காமல் ஒரு தடவை மணி பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். சாமி நம்பிக்கையை நான் தொடவே இல்லை, அதை இதில் இழுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. தம்பிக்கு இப்படி என்று தெரிந்ததும் என் மகளுக்குப் பேசிய சம்பந்தத்தையே ஒரு குடும்பம் நிறுத்திவிட்டது. மாமனுக்கு இருப்பது மருமகளுக்கு ஒட்டிக்கொள்ளுமாம். வலிப்பு தொற்றுநோயே இல்லை. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்ததையே 1999இல் எடுத்துவிட்டார்கள். நாட்டின் சட்டம் மாறிவிட்டது, எங்கள் சொந்தக்காரர்களை மாற்ற முடியவில்லை.

சரியாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பே இல்லாமல் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தம்பி நெருப்பு வேலையை விட்டு எடை போட்டு பேக்கிங் பார்க்கிறான். நோட்டில் கடைசியாக எழுதி மூன்று வருடம் ஆகிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாவியோடு வந்தால் அந்த நேரத்தில் சண்டை போடாதீர்கள். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மணியைப் பாருங்கள். ஸ்பூனோடு யார் வந்தாலும், உங்கள் மாமனாராகவே இருந்தாலும், கையிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.