தகுதிச் சுற்றில் யார் வேகம்?

கேள்வி: 1988 ஃபார்முலா 1 கார் பந்தயங்களில் மெக்லாரன் அணியில் ஒரே வகைக் காரை ஓட்டிய அயர்டன் செனாவும் அலன் ப்ரோஸ்டும் தகுதிச் சுற்றுகளில் (பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை முடிவுசெய்யும் நேரப் போட்டி) செனாவுக்குச் சாதகமாக 14க்கு 2 என்று முடித்தார்களாமே. அப்படியானால் ப்ரோஸ்ட் மெதுவான ஓட்டுநர்தானே?
(வாசகர், கோவை)

பதில்: கணக்கு சரிதான். அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் செனா 13 முறையும் ப்ரோஸ்ட் 2 முறையும் போல் பொசிஷன் (முதலிடத்திலிருந்து புறப்படும் வாய்ப்பு) பெற்றார்கள். சில்வர்ஸ்டோன் தடத்தில் மட்டும் ஃபெராரியின் கெர்ஹார்ட் பெர்கர் குறுக்கே வந்தார்; அங்கும் ப்ரோஸ்டைவிடச் செனாவே முன்னால் இருந்தார். ஆனால் இந்தக் கணக்கு சொல்வது, ஒரேயொரு சுற்றை உயிரைக் கொடுத்து ஓட்டுவதில் யார் கெட்டிக்காரர் என்பதை மட்டுமே. மொனாக்கோவில் செனா 1.427 விநாடி முந்தியிருந்தார். ஒரே அணியின் இருவருக்கிடையே அது மலைக்க வைக்கும் இடைவெளி. மறுநாள் பந்தயத்தில் ஏறத்தாழ 50 விநாடி முன்னிலையில் இருந்த அதே செனா, 67ஆம் சுற்றில் போர்ட்டியே வளைவில் தடுப்புச் சுவரில் மோதி வெளியேற, வென்றவர் ப்ரோஸ்ட். தகுதிச் சுற்றைவிடப் பந்தய தூரம் முழுவதற்கும் காரைத் தயார்செய்வதிலேயே அவர் அதிகக் கவனம் செலுத்தினார். ஆண்டு முடிவில் வெற்றிகள் செனாவுக்கு 8, ப்ரோஸ்டுக்கு 7. மொத்தப் புள்ளிகளில் ப்ரோஸ்ட் 105, செனா 94. சிறந்த 11 முடிவுகளை மட்டுமே சேர்க்கும் அன்றைய விதியால் 90க்கு 87 என்று பட்டம் செனாவுக்குப் போனது. இப்படிப்பட்ட ப்ரோஸ்டை மெதுவானவர் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: 2014இல் மெர்சிடிஸ் அணியின் இருவரில் நிகோ ராஸ்பெர்க் 11 போல், லூயிஸ் ஹாமில்டன் 7 போல். ஹாமில்டனைவிட ராஸ்பெர்க் வேகமானவர் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?
(வாசகர், மதுரை)

பதில்: அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹோக்கன்ஹைமில் பிரேக் பழுதாகி ஹாமில்டனின் கார் சுவரில் மோதியது. ஹங்கேரியில் கார் தீப்பற்றியது. இரண்டும் தகுதிச் சுற்றின் மூன்று கட்டங்களில் முதலாவதிலேயே நடந்தவை, இரண்டிலும் போல் ராஸ்பெர்க்குக்கு. இவற்றைக் கழித்துவிட்டால் 9க்கு 7 என்றாகிறது. சில்வர்ஸ்டோனில் ஹாமில்டன் கடைசிச் சுற்றைத் தாமாகவே கைவிட்டதை நான் கழிக்க மாட்டேன், ஏனெனில் அது அவருடைய தவறு. மொனாக்கோவில் ராஸ்பெர்க் மிராபோ வளைவில் நேராகப் போய் நின்றதால் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி வீசப்பட்டு ஹாமில்டனின் முயற்சி வீணானதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் ரசிகர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. நடுவர்கள் அதைத் தவறாகக் கருதவில்லை என்பதால் நானும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

எண்ணிக்கையைவிட இடைவெளியைப் பார்ப்பது நல்லது. அதிலும், இருவரும் கலந்துகொண்ட கடைசிக் கட்டத்தின் நேரங்களையே ஒப்பிட வேண்டும். தடத்தில் ரப்பர் படியப் படியப் பிடிப்பு கூடும் என்பதால், ஒருவரின் இரண்டாம் கட்ட நேரத்தை மற்றவரின் மூன்றாம் கட்ட நேரத்தோடு ஒப்பிடுவது நியாயமாகாது. விநாடியைச் சதவீதமாக மாற்றிக்கொள்வதும் அவசியம்: ஏறத்தாழ 65 விநாடியில் முடியும் ஆஸ்திரியத் தடத்தில் 0.3 விநாடி என்பது 0.46 சதவீதம், 105 விநாடி எடுக்கும் ஸ்பாவில் அதே 0.3 விநாடி 0.29 சதவீதம்தான். சராசரிக்குப் பதிலாக, வரிசைப்படுத்தி நடுவில் வரும் மதிப்பை எடுத்தால், மொனாக்கோ 1988 போன்ற ஒற்றை நாள் அதிசயம் ஆண்டுக் கணக்கையே தன் பக்கம் இழுத்துவிடாது.