ஸ்லாட் காரின் பின்பக்கம் வளைவில் வழுக்குகிறது. டயர் பிடிப்பைக் கூட்ட என்ன செய்யலாம்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஹாலில் பாதை விரித்து, அதன் பள்ளத்தில் ஓடும் 1/32 அளவு (நிஜக் காரில் 32-இல் ஒரு பங்கு) மின்சாரப் பொம்மைக் கார் ஓட்டுகிறீர்கள், வளைவுக்கு வளைவு பின்பக்கம் வழுக்கிக் கார் வெளியே போகிறது, சிலிக்கான் டயர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காரோடு வந்த ரப்பர் டயரே நன்றாகப் பிடிக்கும். அது சுத்தமாகவும் வட்டமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சுத்தம். சன்னலைத் திறந்தே வைத்திருக்கும் நம் வீடுகளில் தரையில் கிடக்கும் பாதை சீக்கிரம் தூசி பிடித்துவிடும். புகைமூட்டக் காலத்தில் கேட்கவே வேண்டாம். ரப்பருக்கும் பாதைக்கும் நடுவில் தூசி உட்கார்ந்துகொண்டால் பிடிப்பு எங்கிருந்து வரும்? பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டுப் பாதையைத் துடையுங்கள். டயருக்கு ஒட்டுநாடா போதும். ஒட்டும் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் வைத்து, பின்சக்கரங்களை அதன்மேல் சில முறை உருட்டுங்கள். ஓட்ட உட்காரும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்வது நல்லது.

நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் நிறுவனப் பாதையில் காருக்கு மின்சாரம் தரும் உலோகத் தண்டவாளம் துருப்பிடிக்கும். (கரேரா நிறுவனப் பாதையில் துருப்பிடிக்காத எஃகு என்பதால் தொல்லை குறைவு.) துருவுக்குப் பயந்து தண்டவாளத்தில் எண்ணெய் அடித்தால், அது டயரில் ஏறிவிடும். பிறகு எந்த டயரும் நிற்காது. எண்ணெய் வேண்டுமென்றால் துணி நுனியால் தடவி உடனே துடைத்துவிடுங்கள். பாதையைக் கழற்றி வைக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது அதைவிட நல்ல வழி.

அடுத்தது வட்டம். என்னைக் கேட்டால் இதுதான் உயிர்நாடி. அச்சில் வார்த்த டயர் பார்வைக்கு வட்டமாகத் தெரியும். ஆனால் நடுவில் ஒரு வரப்போ ஒரு பக்கம் மேடோ இருக்கும். அந்த மேடு மட்டும் பாதையைத் தொட, மீதி அகலம் வீணாகிறது. நேர்ப்பாதையில் கார் தடதடவென்று அதிர்ந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். டயரைக் கழற்றி, சக்கரத்தில் துளி சூப்பர் குளூ வைத்து ஒட்டுங்கள். அப்போதுதான் வேகத்தில் அது நழுவாது. நன்றாகக் காய்ந்ததும், நேரான பாதைத் துண்டில் பின்சக்கரம் நிற்கும் இடத்தில் 240 எண் உப்புத்தாளை ஒட்டுங்கள். காரின் முன்னால் பள்ளத்தில் இறங்கும் வழிகாட்டி மட்டும் வெறும் தண்டவாளத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் வராது. காரைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக முடுக்குங்கள். அழுத்தவே கூடாது, காரின் எடையே போதும். சில வினாடி ஓட்டி, மோட்டாரை ஆறவிட்டு, மறுபடியும் ஓட்டுங்கள். டயரின் அகலம் முழுவதும் ஒரே மாதிரி மங்கியதும் 600 எண் தாளுக்கு மாறி மெருகேற்றுங்கள். இரண்டு தாளும் பேட்டை ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். ரப்பர் தூள் பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் காரையும் பாதையையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

முன்சக்கரம் பாரம் சுமக்கக் கூடாது, பாதையை லேசாகத் தொட்டால் போதும். மேல்கூட்டைப் பிடித்திருக்கும் திருகுகளை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். கூடு சற்றே ஆட இடம் கிடைத்தால் பின்சக்கரங்கள் இரண்டும் பாதையை விடாமல் ஓடும்.

உங்கள் காரில் அடியில் காந்தம் இருந்தால், டயரைச் சோதிக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். தண்டவாளத்தைப் பிடித்துக் காரைக் கீழே இழுத்து, டயரின் குறையை அது மறைத்துவிடும். காந்தம் இல்லாத கார் வழுக்கப் போவதை முன்கூட்டியே காட்டும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் விரலுக்கும் நல்ல பழக்கம் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் யூரித்தேன் அல்லது சிலிக்கான் டயருக்குப் போகலாம். யூரித்தேனை இதே மாதிரி உப்புத்தாளில் தேய்க்கலாம், சிலிக்கானை அவ்வளவு எளிதில் தேய்க்க முடியாது. சுத்தமான, வழவழப்பான பிளாஸ்டிக் பாதையில் சிலிக்கான் அபாரமாகப் பிடிக்கும், தூசி என்றால் ஆகவே ஆகாது. ரப்பர் டயர்க் கார்களோடு அதைக் கலந்து ஓட்டாதீர்கள். ரப்பர் விட்டுச்செல்லும் படிவு சிலிக்கானுக்குக் கெடுதல், சிலிக்கான் விட்டுச்செல்லும் எண்ணெய்ப்பசை ரப்பரை வழுக்கவைக்கும். நண்பர்கள் காரோடு வீட்டுக்கு வருவார்கள் என்றால், எல்லோரும் எந்த டயர் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.