பொங்கலன்று லாப்ரடாருக்கு என்ன சமைப்பது?

சர்க்கரைப் பொங்கலில் கொஞ்சம் எடுத்து உங்கள் 2 வயது லாப்ரடாருக்கு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. இனிப்பைவிட அதிலுள்ள உலர்திராட்சைதான் பயம், நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வெண்பொங்கலும் சரிப்படாது. எங்கள் வீட்டில் ஒரு வருடம் பாட்டி பாசத்தில் நெய் மிதக்க ஒரு கரண்டி போட்டுவிட, ராத்திரி முழுக்க வாந்தி, விடிகிற வரை நான் பாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதற்கென்று தனியாக ஒரு சின்னக் குக்கர் வையுங்கள். ஒரு கைப்பிடி பச்சரிசி, அதில் பாதி பாசிப்பருப்பு, தோல் சீவிய மஞ்சள் பூசணி நாலு துண்டு, எலும்பில்லாத கோழி 150 கிராம், தண்ணீர் தாராளமாக விட்டு ஐந்தாறு விசில், விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். உப்பு, நெய், மிளகு எதுவும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் கண்டிப்பாகக் கூடாது, அவை ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். கோழியை உதிர்த்துப் பிசைந்து, நன்றாக ஆறிய பிறகு வையுங்கள். வழக்கமான சாப்பாட்டை அன்றைக்குக் குறைத்துவிடுங்கள், லாப்ரடார் போதும் என்று சொல்லவே சொல்லாது.

அப்புறம், கரும்புச் சக்கையை வாசலில் போட்டு வைக்காதீர்கள், விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.