வைஃபை கோடு முழுசாய் நிற்கிறது, அழைப்பு மட்டும் அறுகிறது

கேள்வி: நல்லூரில் பழைய நாற்சார் வீடொன்றைத் தங்குமிடமாக நடத்துகிறோம். விறாந்தையின் நாலு மூலையிலும் வைஃபை பரப்பும் கருவி (அக்சஸ் பொயின்ட்) ஒவ்வொன்று, எல்லாம் உச்ச பவரில். போனில் கோடுகள் குறைவதேயில்லை. ஆனால் வாட்ஸ்அப் அழைப்பு விட்டு விட்டு வருகிறது. படம் அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்னும் பவர் கூடிய கருவி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இருக்கிற பவரையே குறையுங்கள்.

கருவி பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டும். போன் பேசுவது கருவிக்குக் கேட்கிறதா என்பது வேறு கதை. கோயில் ஒலிபெருக்கி வீதி முழுக்கக் கேட்கும். கூட்டத்துக்குள் நின்று நாம் வெறும் வாயால் சொல்லும் மறுமொழி அறிவிப்பாளருக்குக் கேட்குமா? போனின் பற்றரியும் சிறிது, அன்டெனாவும் சிறிது. படம் போகாமல் சுற்றுவது அதனால்தான்.

நாற்சார் வீட்டில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. சுவர்கள் தடிப்பு, நடுமுற்றமோ வெறும் வெளி. முன்பக்கக் கருவியின் அலை முற்றத்தைத் தாண்டிப் பின் அறைக்கு இலகுவாகப் போய்விடும். வாசலில் இணைந்த போன், பின் அறைக்குப் போன பிறகும் பக்கத்துக் கருவிக்கு மாறாது. மாறுவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் போன்தான். ஐபோன் சிக்னல் -70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் வேறு கருவியைத் தேடத் தொடங்கும் (டிபிஎம் என்பது சிக்னலின் வலுவை அளக்கும் அலகு; -70ஐவிட -60 வலுவானது). நாலும் உச்சத்தில் நின்றால் அது எப்போது -70க்கு இறங்குவது?

சரி, எவ்வளவு குறைப்பது? கருவியின் பவரையும் இதே அலகில்தான் சொல்வார்கள். 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட், 17 என்றால் 50, 14 என்றால் 25. மூன்று குறைய பவர் பாதியாகும். பயப்பட வேண்டாம், தூரம் பாதியாகாது. திறந்த வெளியில் தூரம் பாதியாவதற்கு ஆறு குறைய வேண்டும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹேர்ட்ஸை 11 டிபிஎம் அளவிலும் 5 கிகாஹேர்ட்ஸை 17 அளவிலும் வைத்துத் தொடங்குங்கள். 5 சுவருக்குள் சீக்கிரம் தேய்வதால்தான் இந்த ஆறு வித்தியாசம். மெனுவில் எண்கள் இல்லாவிட்டால் முதலாவதுக்கு ‘லோ’, இரண்டாவதுக்கு ‘மீடியம்’. தானியங்கி அமைப்பை நான் நம்புவதில்லை. சில கருவிகளில் அது பேசாமல் உச்சத்தில் போய் நின்றுகொள்ளும்.

2.4இல் ஒன்றோடொன்று இடிபடாத சனல்கள் (அலைவரிசைக்குள் இருக்கும் பாதைகள்) 1, 6, 11 மட்டுமே. உங்களிடம் கருவி நாலு. ஒன்றில் 2.4ஐ அணைத்துவிட்டு 5ஐ மட்டும் விடுங்கள், கரைச்சல் குறையும்.

அப்புறம், அன்ட்ரொயிட் போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, அறைக்கதவைச் சாத்திவிட்டு, விருந்தினர் படுக்கும் கட்டிலிலேயே இருந்து பாருங்கள். பக்கத்துக் கருவி -67 அல்லது அதைவிட நன்றாகவும், மற்றவை அதைவிடப் பத்துக்கு மேல் குறைவாகவும் தெரிந்தால் போதும். ஏதாவது அறையில் -67 கிடைக்காவிட்டால் பவரைத் திரும்பக் கூட்டாதீர்கள். கேபிள் இழுத்துக் கருவியை அந்த அறைக்கு உள்ளேயே கொண்டுபோய் மாட்டுங்கள். திருவிழாக் காலத்தில் அறைகள் நிரம்பியிருக்கும்போது இன்னொரு தரம் அளந்து பாருங்கள். ஆட்களின் உடம்பும் அலையை உறிஞ்சும். அப்போது மட்டும் ஒன்றிரண்டு டிபிஎம் கூட்ட வேண்டி வரலாம்.